பொறுமை யாருடைய சொத்து?

வறுமைக்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு, வசதி படைத்தோர் ஒவ்வொரு காலத்திலும் ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தனர். முற்பிறப்பிற் செய்த வினை என்றனர் ஒரு காலத்தில். தலையெழுத்து என்றனர், பிறந்த குலம் என்றனர். நிலப்பிரபுத்துவம் தளர்ந்து பணம் அரசோச்சத் தொடங்கியபின், சோம்பல் என்றும் சிக்கனமின்மை என்றும் கூறினர். இன்று அதே பழைய விடை புதிய உடை தரித்து வந்திருக்கிறது. உளவியல் என்பது அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர். ஏழைக்குப் பொறுமை இல்லை, தன்னடக்கம் இல்லை, நாளையை எண்ணிப் பார்க்கும் ஆற்றல் இல்லை. ஆகவே அவன் ஏழையாயிருக்கிறான் என்று, விஞ்ஞானத்தின் முத்திரை குத்தப்பட்ட தீர்ப்பொன்று நாடெங்கும் உலவுகின்றது.

இத்தீர்ப்பு வழங்கப்படும் மன்றங்களுள் நமது பாடசாலையும் ஒன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளையின் பெயர் அடிபட்டதும், “அதுக்கு மனம் ஒருநிலைப்படாது, வீட்டிலும் அப்படித்தான், இண்டைக்குக் கிடைச்சதை இண்டைக்கே திண்டு முடிக்கிற சனம்” என்ற சொற்கள் எத்துணை எளிதில் வந்து விழுகின்றன! பரீட்சைக்கு முந்திய கருத்தரங்குகளுக்கும் பெற்றோர் கூட்டங்களுக்கும் அழைக்கப்படும் ஊக்கப் பேச்சாளர்களோ, அதே கருத்தை ஒலிபெருக்கியிற் கூறுகின்றனர். அவர்களது உரைகளிலே தவறாது இடம்பெறும் கதையொன்றுண்டு. ஒரு குழந்தை, ஓர் இனிப்பு, ஒரு வாக்குறுதி ஆகிய மூன்றும் சேர்ந்த கதை அது. அக்கதையை நாம் சற்று உன்னிப்பாக ஆராய்தல் வேண்டும். ஏனெனில், அதனை முழுமையாகக் கூறினால், பேச்சாளர் விரும்பும் நீதிக்கு நேர்மாறான நீதியே அதிலிருந்து பிறக்கிறது.

கதைக்கு மூலமான ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்ததுதான். வோல்ற்றர் மிஷேல் என்பவர் வியன்னா நகரில் 1930 இற் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிக் குடும்பத்தோடு ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய உளவியலாளர். அவரும் அவருடைய மாணவரும் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் முற்பகுதியிலும், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலைப் பள்ளியிலே சில பரிசோதனைகளை நடத்தினர். மாஷ்மலோ என்னும் மெத்தென்ற இனிப்போ, பிஸ்கற்றோ குழந்தையின் முன் வைக்கப்படும். “நான் வெளியே போய் வரப்போகிறேன். இப்போதே வேண்டுமென்றால் ஒன்றை உண்ணலாம், நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு தருவேன்” என்று கூறிவிட்டு ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறுவார். சில குழந்தைகள் காத்திருந்தனர், சிலர் காத்திருக்கவில்லை. அக்குழந்தைகள் வளர்ந்து பதின்ம வயதை எய்தியபின் அவர்களைத் தேடி விசாரித்தபோது, அதிக நேரம் காத்திருந்தோர் பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சையிலே அதிக புள்ளிகள் பெற்றிருந்தமை தெரியவந்தது. 1990 இல் அம்முடிவு வெளியாயிற்று. 1995 இல் டானியல் கோல்மன் உணர்ச்சி அறிவு பற்றி எழுதிய நூல் உலகெங்கும் விலைப்பட்டபோது, இக்கதையும் அதனோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது.

பரவிய கதை ஓர் ஆராய்ச்சிக் குறிப்பாகப் பரவவில்லை. சமூகத் தத்துவமாகவே பரவியது. காத்திருக்கத் தெரிந்தவன் உயர்வான். காத்திருக்கத் தெரியாதவன் தாழ்வான். ஆகவே உயர்ந்தவனெல்லாம் காத்திருந்தவன், தாழ்ந்தவனெல்லாம் அவசரப்பட்டவன். ஒரு மழலைப் பள்ளியின் அறையிலே தொடங்கிய வாதம், மூன்றே எட்டில் ஒரு வர்க்கம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

இவ்வாதத்தின் முதலாவது ஓட்டை யாதெனில், அப்பரிசோதனையிற் பங்குகொண்ட குழந்தைகள் யாவர் என்பதை அது கேட்கவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்ந்த ஆசிரியர்களதும் பட்டப்பின் மாணவர்களதும் பிள்ளைகள். பரீட்சைப் புள்ளிகள் கிடைக்கப்பெற்றோரின் தொகையோ நூற்றுக்கும் குறைவு. வசதியுள்ள ஒரு சிறு குழுவினருக்குள்ளே காணப்பட்ட வேறுபாட்டைக் கொண்டு, வசதியுள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்க முனைவது எவ்வகைத் தர்க்கம்? 2018 இல் றைலர் வாற்ஸ், கிறெக் டங்கன், ஹவோனன் குவான் ஆகிய மூவரும் பல்வேறு சமூக நிலைகளைச் சேர்ந்த 918 பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு இதே வினாவை மீண்டும் எழுப்பினர். நாலரை வயதிற் காத்திருந்த நேரத்தைப் பதினைந்தாம் வயதின் கல்வித்தேர்ச்சியோடு ஒப்புநோக்கியபோது, முந்திய ஆய்விற் காணப்பட்ட தொடர்பின் பாதியளவே தெரிந்தது. பிள்ளையின் குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், முன்னரே பெற்றிருந்த அறிவாற்றல் என்பவற்றைக் கணக்கிற் கொண்டதும் அதிலும் மூன்றில் இரு பங்கு மறைந்தது. பொறுமையின் பயன் என்று போற்றப்பட்டதிற் பெரும்பகுதி, பிறந்து வளர்ந்த வீட்டின் பயனாகவே இருந்தது.

மிஷேல் கூறியதையும் பேச்சாளர்கள் பாதியே கூறுகின்றனர். காத்திருந்த குழந்தைகள் பிறவியிலேயே உறுதி வாய்ந்த சிறு முனிவர்கள் அல்லர். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர், பாட்டுப் பாடினர், கண்ணைப் பொத்திக்கொண்டனர். முன்னால் இருப்பதை ஒரு முகில் என்று எண்ணிக்கொள்ளும்படி சொல்லிக்கொடுத்தபோது, மற்றக் குழந்தைகளும் நீண்ட நேரம் காத்திருந்தனர். அதாவது, அது கற்பிக்கத்தக்க ஒரு பழக்கம் என்பதே அவ்வறிஞரின் முக்கியமான கண்டுபிடிப்பு. கற்பிக்கத்தக்கது என்றவுடன் பொறுப்பு ஆசிரியன் மீதும் சமூகத்தின் மீதும் வந்து விழுகிறது. அதனாலேதான் போலும், அப்பகுதி மேடைகளில் ஒலிப்பதில்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. எல்லோரும் குழந்தையின் முகத்தையே நோக்கினர். வாக்குறுதி கொடுத்த பெரியவரின் முகத்தை எவரும் நோக்கவில்லை. அதனை நோக்கியவர் செலெஸ்ற் கிட் என்னும் ஆய்வாளர். வீடற்ற குடும்பங்கள் தங்கும் புகலிடமொன்றிலே முன்னர் அவர் தொண்டாற்றியிருந்தார். கையிலுள்ள பொருளை எந்நேரமும் வேறொருவர் பறித்துக்கொள்ளக்கூடிய அவ்விடத்துக் குழந்தைகள், அவ்வினிப்பை உடனே உண்டுவிடுவர் என்று அவருக்குத் தோன்றியது. றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அவரும் இருவரும் சேர்ந்து நடத்தி, 2013 இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்திற் பிறந்ததே.

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான 28 குழந்தைகள் அவ்வாய்விற் பங்குகொண்டனர். இனிப்பைக் கொடுக்குமுன் அவர்களுக்குப் படம் வரையும் வேலை கொடுக்கப்பட்டது. “சற்றுப் பொறுத்தால் இதனினும் நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருவேன்” என்று ஆய்வாளர் கூறிச் சென்றார். பதினான்கு குழந்தைகளுக்கு அவர் சொன்னபடியே கொண்டுவந்தார். மற்றப் பதினான்கு குழந்தைகளிடம் வெறுங்கையோடு திரும்பி, “மன்னித்துவிடு, நான் நினைத்தது இங்கே இல்லை” என்றார். இவ்வாறு இருமுறை நிகழ்ந்தபின் இனிப்பு வைக்கப்பட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரைக் கண்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். பதினால்வருள் ஒன்பதின்மர் முழுப் பதினைந்து நிமிடமும் உண்ணாதிருந்தனர். ஏமாற்றிய பெரியவரைக் கண்ட குழந்தைகள் காத்திருந்ததோ சராசரியாக மூன்று நிமிடம். இறுதிவரை காத்திருந்தது ஒரேயொரு குழந்தை.

குழந்தைகளின் தொகை சிறிதுதான். ஆயின், வேறுபாடு அவ்வளவு பெரிது. அக்குழந்தைகளின் பிறவிக் குணத்திலோ பெற்றோரின் ஒழுக்கத்திலோ எந்த மாற்றமும் நிகழவில்லை. மாறியது ஒன்றே: பெரியவரின் நாணயம். சில நிமிட நேர ஏமாற்றமே ஒரு குழந்தையின் பொறுமையை நான்கில் ஒரு பங்காகக் குறைக்குமெனில், தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்ட மக்களிடம் சென்று, “உங்களுக்குப் பொறுமை போதாது” என்று உபதேசிப்பவனுக்கு நாம் என்ன பெயர் சூட்டுவது?

நமது நாட்டின் சரித்திரத்தை இவ்வொளியிற் படித்துப் பாருங்கள். சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே, மலையகத்தைத் தம் உழைப்பால் வளமாக்கிய தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் பிரசாவுரிமை சட்டத்தினாற் பறிபோயிற்று. 1957 இற் செய்யப்பட்ட பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 2015 முதலாகத் தோட்டத் தொழிலாளர் கேட்டுப் போராடிய ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021 இலேதான் வர்த்தமானியில் ஏறியது. மறு ஆண்டே விலைவாசி அதனை விழுங்கிற்று. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். சென்ற ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய பண்டத்துக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ரூபா கொடுக்கவேண்டியிருந்த காலம் அது. அவ்வாண்டிலே, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வங்கியிற் சேமித்து வைத்த தாய் இழந்தாள். கையில் வந்த காசுக்கு உடனே ஒரு மூடை அரிசி வாங்கிப் போட்டவள் பிழைத்தாள். அவசரப்பட்டவள் யார், அறிவுடையவள் யார்?

நம்பத்தகாத உலகில் உடனே உண்பது ஒழுக்கக் குறைவன்று. அனுபவத்திற் பெற்ற அறிவு அது. காத்திருப்பதற்கு மனவுறுதி மட்டும் போதாது. காத்திருந்தவனுக்கு உரியது கிடைக்கும் என்று உறுதியளிக்கும் ஒரு சமூக ஒழுங்கும் வேண்டும். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறும் நமக்கு அவ்வொழுங்கு ஓரளவு கிடைத்திருக்கிறது. அதனை நமது குணச்சிறப்பென்று எண்ணிக்கொண்டு, கிடைக்காதவனைக் குணக்கேடனாகக் காண்பதே நடுத்தர வர்க்கத்தின் பெரும் மயக்கம்.

ஏழைக்குப் பொறுமையில்லை என்ற குற்றச்சாட்டோடு எப்போதும் இணைந்து வருவது, ஏழைக்குப் புத்தியில்லை என்ற குற்றச்சாட்டு. இதனைச் சோதிப்பதற்கு ஆய்வாளர் தமிழகத்தின் கரும்புத் தோட்டங்களுக்கே வந்தனர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷபீர், ஜியாயிங் சாவோ ஆகிய நால்வரின் அவ்வாய்வு 2013 இல் வெளியாயிற்று. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 54 கிராமங்களிலே 464 கரும்பு விவசாயிகளை அவர்கள் சந்தித்தனர். கரும்புக்காரனின் வாழ்க்கை ஆண்டுக்கொரு வருமானத்தில் ஓடுவது. அறுவடை முடிந்து ஆலை பணம் கொடுத்ததும் அவன் ஓரளவு வசதியுள்ளவன். அடுத்த அறுவடைக்கு முந்திய மாதங்களில் அவன் ஏழை. அறுவடைக்கு முன்னர் நூற்றுக்கு 78 பேர் ஏதாவதொரு பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் அவ்வாறிருந்தோர் நூற்றுக்கு 4 பேர். ஆகவே ஒரே மனிதனையே ஏழையாகவும் வசதியுள்ளவனாகவும் ஈரிடத்தில் வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு அங்கே கிடைத்தது.

வடிவப் புதிர்களையும் கவனத்தை அடக்கியாளும் திறனை அளக்கும் சோதனைகளையும் கொடுத்தபோது, அதே விவசாயி அறுவடைக்கு முன்னர் குறைவாகவும் பின்னர் நிறைவாகவும் செய்தான். ஆலைகள் வெவ்வேறு வயல்களை வெவ்வேறு மாதங்களில் வெட்டுவித்தபடியால், பருவகால மாற்றமே இதற்குக் காரணம் என்று கூற இடமில்லை. உணவுக் குறைவாலோ உடல் உழைப்பின் களைப்பாலோ மட்டும் இதனை விளக்கிவிட முடியாதென்றும் ஆய்வாளர் காட்டினர். வட்டிக்காரன் வரும் நாள், பிள்ளையின் பாடசாலைச் செலவு, அடைவு வைத்த நகை மூழ்கிவிடுமோ என்ற அச்சம் ஆகியவை மனத்தின் இடத்தை ஆக்கிரமித்துக் கொண்டால், புதிருக்கு எஞ்சும் இடம் எவ்வளவு? புத்தியில்லாமையால் வறுமை வந்தது என்போர்க்கு, வறுமை புத்தியின் மீது வரி விதிக்கிறது என்பதே அக்கரும்பு வயல்கள் கூறும் விடை.

இவ்வாய்வையும் நாம் வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. அதன் கணிப்பு முறை மீது அப்பொழுதே ஐயங்கள் எழுப்பப்பட்டன. 2016 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, குறைந்த வருமானமுள்ளோரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து, அறிவாற்றலிலே வேறுபாடு எதனையும் காணவில்லை. சில நாட் பற்றாக்குறையும் பல மாதக் கடன்சுமையும் ஒன்றல்ல என்பதை இம்முரண்பாடு நமக்கு உணர்த்தக்கூடும். பின்னர் ஒடிஷா மாநிலத்தில், இலைகளைத் தைத்து உண்கலம் செய்யும் தொழிலாளரிடையே நடந்த ஆய்வு மேலும் ஒரு சான்று தந்தது. மொத்தக் கூலியில் மாற்றமின்றி, அதன் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்கூட்டியே கொடுத்தனர். அவர்கள் முதலிற் கடனை அடைத்தனர். வீட்டுக்கு வேண்டியவற்றை வாங்கினர். பின்னர் மற்றவரிலும் அதிகமாகவும் பிழை குறைவாகவும் வேலை செய்தனர். கையிற் காசு கிடைத்தால் ஏழை அதனைச் சிதறடிப்பான் என்ற வாதம் அங்கே என்னவாயிற்று?

இங்கு ஆசிரியர்களாகிய நாம் தப்பித்துக்கொள்ள ஒரு வழி தேடலாம். கடனும் கூலியும் அரசாங்கத்தின் விடயம், வகுப்பறைக்குள்ளே எல்லாப் பிள்ளைகளும் சமம் என்று கூறலாம். அவ்வழியையும் அடைத்துவிடுகிறது இன்னோர் ஆய்வு. கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களிலே ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவரைக் கொண்டு நடத்தி, 2006 இல் வெளியிட்ட ஆய்வு அது. உயர்ந்தவை எனப்படும் சாதிகளைச் சேர்ந்த பையன்களும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பையன்களும் ஒன்றாக அமர்த்தப்பட்டுச் சிக்கல்வழிப் புதிர்களைத் தீர்க்கும்படி கேட்கப்பட்டனர். ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபா பரிசு. எவன் எச்சாதி என்பது கூறப்படாதபோது, இருசாராரின் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. பின்னர், வேறு குழுக்களிலே, ஒவ்வொருவனின் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தபின் அதே புதிர்கள் கொடுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் பெறுபேறு சரிந்தது. இருசாராருக்குமிடையே 23 வீத இடைவெளி தோன்றிற்று.

அவ்வறையில் எவரும் எவரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை, வெளியே போ என்று கூறவில்லை. ஒரு சொல் உரக்க வாசிக்கப்பட்டது, அவ்வளவே. நூற்றாண்டுகளின் அடக்குமுறை முழுவதும் அவ்வொரு சொல்லினூடாக வகுப்பறைக்குள் நுழைந்து, பிள்ளையின் கையிலிருந்த பென்சிலைப் பிடித்து நிறுத்திவிட்டது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே சம ஆசனமும் சம போசனமும் கேட்டு நடந்த போராட்டங்களை நாம் அறிவோம். 1930 ஐ அண்டிய ஆண்டுகளில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்வதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்கே தீ வைத்தனர். இன்று வாங்கு ஒன்றாகிவிட்டது. அதனாற் சாதி வகுப்பறையை விட்டுப் போய்விட்டதென்று திருப்தியடைவோர் பலர். “எந்த ஊர்? எந்தப் பக்கம்? ஆற்றை பிள்ளை?” என்று புதிதாகச் சேர்ந்த மாணவனிடம் கேட்கப்படும் மூன்று வினாக்கள் போதும், உத்தரப் பிரதேசத்து அப்பரிசோதனையை நமது வகுப்பறையில் நாள்தோறும் நடத்துவதற்கு. அங்கே அது ஒருநாள் நடந்தது. முடிவைக் குறித்துக்கொண்டு உலகுக்கு அறிவித்தனர். இங்கே அது ஆண்டு முழுவதும் நடக்கிறது. முடிவைப் புள்ளி அறிக்கையில் எழுதி, பிள்ளையின் திறமைக் குறைவென்று கையெழுத்திடுகிறோம்.

இனி, நமது அணியினரோடும் ஒரு வார்த்தை பேசவேண்டியுள்ளது. உளவியல் என்றதும் முகத்தைச் சுளிக்கும் தோழர்கள் உளர். சமுதாய அமைப்பே யாவற்றையும் தீர்மானிக்கிறது. தனிமனித மனத்தை ஆராய்வது முதலாளித்துவத்தின் திசைதிருப்பும் வேலை என்பது அவர்கள் கொள்கை. அவர்களது ஐயத்துக்கு நியாயமுண்டு. ஆயினும், சமுதாய அமைப்பு ஒரு சிறுவனின் பென்சில் முனைவரை எவ்வழியாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டுவது எது? வாழ்நிலை உணர்வைப் பாதிக்கிறது என்று மேடையிற் கூறுவது எளிது. எந்த அளவுக்கு, எந்நிலையில், எந்தச் சொல்லால் என்று அளந்து காட்டுவது ஆராய்ச்சி. அளந்து காட்டப்பட்ட உண்மை நம் கையிலிருக்கும்போது அதனை எதிரியின் ஆயுதமென்று வீசிவிடுவது அறிவீனம்.

மறுபுறத்தில், ஆராய்ச்சி என்று பெயர் பெற்ற யாவற்றையும் தலைமேற் கொள்வோரும் உளர். 2015 இல் உலகின் பல பாகங்களைச் சேர்ந்த உளவியலாளர் ஒன்றுகூடி, புகழ்பெற்ற சஞ்சிகைகளில் வெளிவந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆய்வுகளிலேதான் முன்னைய முடிவு மீண்டும் உறுதியாகக் கிடைத்தது. நமக்கு உவப்பான ஆய்வுகளும் இதற்கு விலக்கல்ல. நல்லவனுக்கும் அதிகார உடை அணிவித்தால் கொடியவனாவான் என்பதற்குச் சான்றாக நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் 1971 ஆம் ஆண்டின் ஸ்ரான்போர்ட் சிறைப் பரிசோதனையில், காவலராக நடித்தவர்களுக்கு எவ்வாறு நடக்கவேண்டும் என்ற தூண்டுதல் கொடுக்கப்பட்டிருந்தமை பிற்காலத்தில் வெளியாகிய ஆவணங்களால் தெரியவந்தது. நமது கட்சிக்குச் சாதகமானது என்பதற்காகப் பொய்யை ஏற்பவன், பாதகமானது என்பதற்காக உண்மையை மறுப்பவனின் உடன்பிறப்பே.

இதனினும் அடிப்படையான குறையொன்றை ஜோசப் ஹென்றிச்சும் அவருடைய சகாக்களும் 2010 இற் சுட்டிக்காட்டினர். மனித மனம் இத்தகையது என்று உளவியல் நூல்கள் கூறுவனவெல்லாம் பெரும்பாலும் மேற்குநாட்டுச் செல்வச் சமுதாயங்களின், அதிலும் பல்கலைக்கழக மாணவரின், மனத்தை ஆராய்ந்து கண்டவை என்பதே அது. நமது விவசாயி, நமது மீனவன், நமது கொழுந்து பறிக்கும் பெண் ஆகியோரின் மனம் அந்நூல்களில் இல்லை. அதனால், மேற்கிலிருந்து வரும் அளவுகோலை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளை அளப்பது விஞ்ஞானமாகாது. அது கடன் வாங்கிய அதிகாரம். நமது பல்கலைக்கழகங்களின் கல்வித்துறைகளும் சமூகவியற்றுறைகளும் லயத்து அறையிலிருந்தும் கடற்கரைக் குடிசையிலிருந்தும் தம் வினாக்களைப் பெற்றுக்கொள்ளும் நாள் வரவேண்டும். கரும்பு விவசாயியிடம் கேட்ட வினாவை, நுண்கடன் வாங்கிய வன்னிப் பெண்ணிடம், அவளது மொழியில், அவளது கணக்கில் கேட்கவேண்டும்.

“அப்படியானால் தனிமனித முயற்சிக்கு இடமே இல்லையா? சோம்பேறிக்கும் சாக்குக் கிடைத்துவிடாதா?” என்று கேட்போர் இருப்பர். முயற்சி வேண்டாமென்று எவரும் கூறவில்லை. காத்திருக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்கலாம்; கற்பிக்கவேண்டும். ஆயின், முயற்சிக்குப் பலன் கிட்டும் என்ற நம்பிக்கை முயற்சியின் முதற்பொருள். அப்பொருளை ஒருவனிடமிருந்து பறித்துவிட்டு, அவன் வியாபாரம் செய்யவில்லை என்று பழிப்பது நியாயமாகுமா? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சோம்பலாயிருந்தால், தனியார் வகுப்புகளும் தகப்பனின் தொடர்புகளும் அவனைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஏழைப் பிள்ளையிடம் மட்டுமே நாம் முனிவரின் தவத்தை எதிர்பார்க்கிறோம். ஒருவனுக்கு வாழ்வதற்குச் சாதாரணக் குணம் போதும், மற்றவனுக்கு மகாத்மாவின் குணம் வேண்டும் என்று விதிக்கும் சமுதாயம், அவ்விரண்டாமவன் தவறும்போது அவனைப் பழிக்கும் உரிமையை இழந்துவிடுகிறது.

சமுதாய அமைப்பை மாற்றும் பணி பெரிது; அது வகுப்பறையில் மட்டும் முடிவதன்று. ஆயினும், அது முடியும்வரை கைகட்டி நிற்கவேண்டுமென்பதில்லை. திருத்தித் தருவேன் என்று வாங்கிய அப்பியாசக் கொப்பியைச் சொன்ன நாளிற் கொடுப்பது சிறு விடயமன்று. பெரியவரின் சொல் நிலைக்கும் என்று ஒரு பிள்ளை கற்கும் பாடம் அது. வசதிக்கட்டணம் கொடுக்காதவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். பரீட்சைக் காலையில் அது நிகழுமாயின், அப்பிள்ளையின் விடைத்தாளில் நாமே கைவைத்தவர்களாவோம். ஊரையும் பாட்டனையும் விசாரிக்கும் நாவை அடக்கலாம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பத்து வயதுப் பிள்ளையின் மீது வாழ்நாள் முழுவதற்குமான தீர்ப்பை எழுதாமல் விடலாம். இவை தொண்டோ கருணையோ அல்ல. 1940களில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது இந்நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குறுதியின் பாக்கி இவை.

அன்றாட வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சிகள் நமக்கு உணர்த்துவது இதுவே. குணம் என்று நாம் பெயரிட்டு ஒதுக்கிவிடும் பலவற்றின் உள்ளே, யாரோ தவறவிட்ட வாக்கு, யாரோ ஏற்றிய கடன், யாரோ உரக்க வாசித்த சாதிப்பெயர் மறைந்து கிடக்கின்றன. இனிப்பை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தை அளந்துகொண்டிருந்தது போதும். இரண்டு தருவேன் என்று கூறி அறையை விட்டு வெளியேறிய பெரியவர் எங்கே போனார், எப்போது திரும்பினார், கையில் எதைக் கொண்டுவந்தார் என்று கேட்போம். அந்தக் கேள்வியை ஆசிரியன் கேட்கப் பழகும் நாளிலே, மாணவனும் அதனை உரத்துக் கேட்கத் தொடங்குவான்.